ஆறு என்று சொன்னேன்

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் நித்திரை என்று
களுபோவில கிளினிக்கில் டொக்டர் கேட்டார்.
ஆறு என்று சொன்னேன்.
கையைச் சுற்றியிருந்த கறுப்புப் பட்டி
இறுகி, இறுகி, பிறகு மூச்சை விட்டு
நூற்றைம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு என்று
காட்டிக் கொடுத்தது.

வயது முப்பத்து நான்கு.
உப்பைக் குறையுங்கள் என்றார்.
நான் தின்பது உப்பையல்ல, டொக்டர், இரவுகளை.
சொல்லவில்லை.
எனக்குப் பின்னால் வாங்கில் அறுபது பேர்.

டொரொண்டோவில் எவரோ பனியில் வழுக்கி விழுந்தால்
கொம்பனித்தெருவில், பதினோராம் மாடியில்,
என் கணினி விழித்துக்கொள்ளும்.
அவர்களுடைய எலும்பு, அவர்களுடைய பகல்,
என்னுடைய இரவு எட்டரை முதல் விடிய ஐந்தரை வரை.
போன மாதம் ஒருவருடைய இடது முழங்காலை
வலது என்று பதிந்துவிட்டேன்.
பதினேழு நாள்
நோகாத காலுக்குக் காசு போயிருக்கிறது.
ருவிந்த கோபிக்கவில்லை.
மின்னஞ்சலின் கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தான்.
அதைப் பார்த்து
கழிப்பறைக்குள் போய் அரைமணி அழுதேன்.

மூன்று மணிக்கு உடம்பு இனிப்புக் கேட்கும்.
சீனி தூவிய கிம்புலா பணிஸ் இரண்டு,
ரிஸ்மினா கொண்டுவந்தால் மூன்று.
கலியாணத்து மோதிரம் இப்போது
விரலின் இரண்டாம் கணுவைத் தாண்டுவதில்லை.

வெள்ளவத்தையில் பகல்
நுளம்பு வலைக்குள்ளும் நுழைந்துவிடும்.
யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன்.
துணிக்குக் காது அடைக்கத் தெரியாது:
ஏழு மணிக்குப் பாண் ஆட்டோவின் அந்த ஒரே மெட்டு,
எட்டுக்கு மருதானை ரயில்,
பிறகு பக்கத்துக் காணியில்
புதுத் தொடர்மாடிக்குக் கொங்கிரீட் குடையும் மெசின்.
மூன்று மணித்தியாலம்.
நல்ல நாளில் மூன்றரை.

முதலில் போனவை பெயர்கள்.
பிறகு கேஸை மூடினேனா என்பது.
பிறகு ஷவரின் சத்தத்துக்குள்
யாரோ என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.
செட்டியார் தெருவில் காப்பை வைத்தால்கூட
ஒரு துண்டு எழுதித் தருவார்கள்.
இதற்கு ரசீது இல்லை,
மீட்கப் போகும் கடையும் இல்லை.

ஆருத்ரா மைலோவைக் கொட்டினாள்.
அவ்வளவுதான், அரைக் கோப்பை மைலோ.
நான் போட்ட கத்தலில்
எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.
பிள்ளை ஒன்றும் பேசாமல்
பள்ளிக்கூடச் சொக்ஸைக் கழற்றி
நிலத்தைத் துடைத்தாள்.
வெள்ளைச் சொக்ஸ்.
அன்று மூன்று மணித்தியாலமும் இல்லை.

ஒரு செவ்வாய், விடிய,
கொள்ளுப்பிட்டியில் நூறாம் இலக்க பஸ் ஏறினேன்.
யன்னலோரம் ஒரு பெண்,
மடியில் வல்லாரைக் கட்டுகள், ஈரம் சொட்டச் சொட்ட.
காலி வீதியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தது வரை
நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது தெகிவளை தாண்டியிருந்தது.
என் தலை அவளுடைய தோளில்.
வாயோரம் எச்சில், அவளுடைய சட்டையிலும்.
பதறி நிமிர்ந்தேன்.
கொண்டக்டர் சிரித்தான்:
இந்த அம்மா பம்பலப்பிட்டியில் இறங்க வேண்டியவ,
நீங்க எழும்பிடுவீங்க என்று அசையாமல் இருக்கிறா.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன்.
அவள் மரத்துப்போன தோளை ஒருதரம் சுழற்றினாள்.
நிதாகன்ன, என்றாள்.
தூங்கு.
திரும்ப வரும் பஸ்ஸுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை.
இரத்மலானையில் இறங்கி, கீரையோடு
வீதியைக் குறுக்கறுத்துப் போனாள்.

வேலையை விடவில்லை. வாடகை இருக்கிறது.
பிரஷர் அன்று எவ்வளவு என்று
அளக்கவும் இல்லை.
வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன்:
அவளுடைய சட்டைத் தோளின் தையல்
என் கன்னத்தில் வரியாகப் பதிந்திருந்தது.
ஆருத்ரா விரலால் தொட்டு
நோகுதா என்று கேட்டாள்.