என்ன சொல்வது

அக்டோபரில் இந்தப் பள்ளத்தாக்கு
அடுப்பில் வைத்து மறந்த சட்டி.
லுவாங்குவா ஆறு மணலாய் இளைத்துக் கிடக்கிறது.
மிச்சமிருக்கும் மடுவில் நீர்யானைகள்
கடைசிப் பேருந்தில் ஏறியவர்கள் மாதிரி
இடித்துக்கொண்டு, ஒன்றையொன்று வைதுகொண்டு.

என் வண்டிக்குக் கூரை கிடையாது.
பின்னிருக்கையில் ஒரே ஒரு விருந்தாளி:
பெல்ஜியத்து ஓடில்.
முழங்கை நீளக் கேமரா. நான்காம் நாள்.
யானை போதும் என்கிறாள்.
வரிக்குதிரைக்குத் தலைகூடத் திருப்புவதில்லை.
விரல் நுனியால் தன் கன்னத்தில்
புள்ளி புள்ளியாய் வைத்துக் காட்டுகிறாள்;
பெயரைச் சொன்னால் ஓடிவிடுமாம்.

முதல் நாளே சொல்லியிருந்தேன்:
தடத்தை விட்டு இறங்கமாட்டேன்,
இரை தேடும் கண்ணில் விளக்கடிக்கமாட்டேன்,
குட்டி இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகமாட்டேன்.
தலையாட்டினாள்.
முதல் நாள் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அப்போதுதான் ஒரு பூக்கு மான் சீழ்க்கையடித்தது.
மேய்ந்துகொண்டிருந்த அத்தனை காதுகளும்
ஒரே பக்கம் நிமிர்ந்தன.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.
வற்றிய ஓடை,
கரையில் மரச்சுரை,
வேரை வெள்ளம் அரித்த பொந்து.
நேற்று விடியலில் சருகு நடுவே
கண் திறக்காத இரண்டு பேர்,
ஊதினால் பறந்துவிடும் சாம்பல் நிறத்தில்.
தாய் என்னைப் பார்த்தாள்,
கடன் கொடுத்தவள் சந்தையில் பார்ப்பதுபோல்.
வந்த தடத்திலேயே வண்டியைப் பின்னுக்கு உருட்டினேன்.

ரேடியோ கரகரத்தது.
எதிர்க்கரை முகாமின் லாக்சன்.
ஆறு பேர் அவன் வண்டியில், ஆறு பேருக்கும் அவசரம்.
"டிகா, அந்தப் பக்கம் ஏதாவது?"

என் முழுப்பெயர் டிகாம்பென்ஜி.
'என்ன சொல்வது' என்று அர்த்தம்.
அப்பா வீட்டாரோடு அம்மா போட்ட சண்டையில்
அவள் விழுங்கிய வாக்கியம்.
ஊரில் என்னைக் கூப்பிடும்போதெல்லாம்
யாரோ ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்.

"இம்பாலா," என்றேன். "வெறும் இம்பாலா."

இந்தப் பொய்க்குச் சம்பளம் இல்லை.
சிறுத்தை கண்டவர்கள் கிளம்பும்போது
கையில் வைக்கும் நோட்டு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
அதில் மசவுசோவின் காட்டுக்கு
நாற்புறமும் கயிறு வாங்கலாம்,
மிளகாயும் பழைய எஞ்சின் எண்ணெயும் குழைத்துப் பூசலாம்.
போன மார்ச்சில் அவன் மக்காச்சோளத்தை
ஒரே ராத்திரியில் ஐந்து யானைகள் அறுவடை செய்தன.
"அதுகளுக்கு நீ காவல்,
எனக்கு யாரடி?" என்றான் அண்ணன்.
பதில் இல்லை அன்று.
இப்போது இருக்கிறது என்று சொன்னால்
அதுவும் இன்னொரு இம்பாலா.

சாவியைத் திருகப் போனேன்.
அதற்கு முன்பே
"போகலாமே, வெயில் ஏறுகிறது" என்றாள் ஓடில்.
கேமரா மடியில் கிடந்தது.
எப்போது இறக்கினாள், கவனிக்கவில்லை.
சற்றுமுன் அது மரச்சுரைப் பக்கம் நீண்டிருந்ததா,
அதையும் கவனிக்கவில்லை.

ஆற்று வளைவில் நிறுத்தினேன்.
செங்குத்துக் கரையெங்கும் துளைகள்,
துளைதோறும் செந்நிறப் பஞ்சுருட்டான்கள்
போவதும் வருவதுமாய், ஊரே கல்யாண வீடு.
ஒரு மணி நேரம் இருந்தோம்.
ஒரு படம்கூட எடுக்கவில்லை அவள்.
செட்சி ஈ கடித்ததற்கு மட்டும்
தன் மொழியில் ஏதோ திட்டினாள்.

இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு,
முகாமின் பதிவேட்டை விருந்தாளிகள் நிரப்புவது வழக்கம்.
எல்லோரும் படுத்தபின் லாந்தரை இழுத்து வைத்துப் பார்த்தேன்.
பூக்கு: நாற்பதுக்கு மேல்.
நீர்யானை: எண்ண முடியவில்லை.
பஞ்சுருட்டான்: ஒரு ஆச்சரியக்குறி.
சிறுத்தை என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.

கோட்டின் தொடக்கத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும்.
மை ஊறி
ஒரு புள்ளி.