சாயும் பக்கம்

மைனஸ் முப்பத்தொன்று.
விண்ணிப்பெக்கில் மோட்டார் சைக்கிள் பார்க்கப் போக
இதைவிட மோசமான நாள் கிடையாது.
அதனால்தான் விலை குறைவு.

கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி புகார் பிடித்தது.
துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்:
இரண்டும் அருகருகே, ஒற்றைக்காலில்,
இடப்பக்கம் தலை சாய்த்து,
டயாலிசிஸ் நாற்காலியில் என் நோயாளிகள்
நாலாவது மணிநேரத்தில் சாய்வதுபோல.

விற்பவர் டைரல் ஃபிரீசன். நல்ல பிள்ளை.
குதிரைத்திறன், முறுக்குவிசை, கியர் எல்லாவற்றையும்
ஏழு நிமிடம் என் கணவருக்கே விளக்கினார்.
இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது தம்பி.
வாங்கிறது அவ."
டைரலின் காதுகள் சிவந்தன. குளிரால் அல்ல.

சாம்பல் நிறத்தது ஷாஃப்டில் ஓடும்.
எண்ணெய் கேட்காது, சத்தம் போடாது,
பெட்டிகள் இரண்டும் கூடவே வரும்,
பொத்தானை அமத்த முன்கண்ணாடி எழும்பும்.
முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
ஏறி இருந்தேன்.
மேல்தட்டு மாப்பேணிக்கு எட்டுகிறமாதிரி
கால்விரல் நுனி மட்டும் நிலத்தில்.
பெரிய இடத்து மாப்பிள்ளை:
எல்லாம் இருக்கிறது, நகர்த்தத்தான் ஏலாது.

சிவப்பு, செயின்.
எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒருக்கால்
குந்தியிருந்து எண்ணெய் பூச வேண்டும்.
நகக்கண்ணில் ஏறும் கறுப்பை
வார்டில் கையுறைக்குள் ஒளிக்கலாம்.
அறுபது கிலோ குறைவு. இரண்டு பாதமும் தரையில்.
சும்மா நின்றபோதே அது
எங்கேயோ போகத் தொடங்கியிருந்தது.

ஆனால் இந்த ஊரில் வளைவு ஏது?
நேராக நாலு மணிநேரம் மேற்கே போனால்
இன்னொரு நேர் றோட்டு.
வளைவு வேண்டுமென்றால் கிழக்கே, கெனோரா பக்கம்,
பாறையும் ஏரியும் றோட்டை மடக்குகிற இடத்துக்கு.
அங்கே போகிற இரண்டு மணிநேரத்துக்குச் சாம்பல்.
போய்ச் சேர்ந்த பிறகு சிவப்பு.

மே தொடங்கி ஐந்து மாதம்.
மழை, நுளம்பு, இரவுப்பணி, அவருடைய தங்கை வருகிற கிழமை
எல்லாம் கழித்தால் இருபத்தெட்டு நாள்.
கணக்கு மருந்துச்சீட்டின் பின்புறம் இருக்கிறது.

இவர் சிவப்பின் பின்சீட்டில் ஏறினார்.
ஏறினார் என்பது மரியாதைக்கு.
ஒரு பக்கம் டைரல், மறுபக்கம் நான்.
போன மார்கழியில் பஸ் தரிப்பில் வழுக்கி உடைந்த முழங்கால்
அந்தக் கால்மிதிக்கு மடங்க மறுத்தது.
சாம்பலில் சோபாவில்போல இருந்தார்.
இறங்கி, கையுறையைத் தேடுகிற சாட்டில்,
"நீர் உமக்குப் பிடிச்சதை எடும்.
நான் வீட்டில நிக்கிறன்" என்றார்.
அதில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஓடிப் பார்க்காமல் எப்படி எடுக்கிறது?"
"என்னைப் படத்தில பார்த்துத்தானே எடுத்தனீர்?"
"அதனாலதான் கேக்கிறன்."
டைரலுக்கு இதை மொழிபெயர்க்கவில்லை.

பின்கால்மிதியை இறக்க ஒரு துண்டு வரும் என்றார் டைரல்,
இருநூறு டொலருக்குக் கிட்ட. இரண்டு அங்குலம்.
போதுமா?
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
முழங்கால் வாய் திறக்கவில்லை.

முன்பணம் கட்டாமல் வெளியே வந்தோம்.
கொரோலா மூன்றாம் முறைதான் இருமி எழும்பியது.

பெரிமீட்டர் றோட்டில் இறங்கும் அந்தச் சுற்றுப்பாதை,
இந்த நகரத்தில் நானறிந்த ஒரே ஒழுங்கான வளைவு.
உப்புத் தூவியிருந்தார்கள். மெல்லத்தான் போனேன்.
என்னை அறியாமல் இடுப்பிலிருந்து
வலப்பக்கம் சாய்ந்தேன்.

பக்கத்தில் பார்த்தால்,
சீட் பெல்ட்டுக்குள், கண்ணை மூடியபடி,
அவரும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறார்,
நான் சாய்ந்த அதே அளவு.
நித்திரையென்றால்
உடம்பு என் பக்கமல்லவா விழுந்திருக்கும்.

"சிவப்பு" என்றேன்.

"முதல்ல றோட்டைப் பாரும்."