செல்ஃப் எடுக்கல

கடலூரில் மேடு என்றால் பாலங்கள் மட்டும்தான்.
அதனால் மூன்று வாரமாக
அஞ்சாப்புலியின் குட்டியானை
ராத்திரியெல்லாம் உப்பனாற்றுப் பாலத்துச் சரிவில்
சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்து நின்றது.
மூன்று மணிக்குச் செங்கல்லை உதைப்பான்.
உருளும். இரண்டாவது கியரில்
பவுனாம்பாள் கிளட்சை விடுவாள்.
ஒரு இருமல், கறுப்புப் புகை, பிறகு ஐஸ் கம்பெனி.

தள்ளுகிறவன் அவன்.
சாவியும் பெடலும் அவள்.
இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஐஸ் ஏற்றி வரும்போது
முதுநகர் ரயில்வே கேட்டில் அணைந்துவிட்டது.
சமதரை. பின்னால் பதினான்கு பார்.
கடைக்குள் தூங்கிக்கொண்டிருந்த என்னை
ஷட்டரைத் தட்டி எழுப்பினான்.
"செல்ஃப் எடுக்கலண்ணே. புதுசு போட்டும் எடுக்கல."
புதுசுக்கு எவனோ
ஆறாயிரத்து ஐந்நூறு வாங்கியிருக்கிறான்.

திருப்பச் சொன்னேன்.
டக்.
அவ்வளவுதான்.
பல்லி சொன்னாலாவது பலன் பார்க்கலாம்.

பேட்டரி பன்னிரண்டரைக்கு மேல். குற்றமில்லை.
ஹெட்லைட்டைப் போட்டுத் திருப்பினால்
மங்கக்கூட இல்லை, கேட் வரை வெளிச்சம்.
ஸ்பேனரால் தட்டினேன். டக்.
சொலினாய்டின் இரண்டு முனைகளையும்
ஸ்குரூ டிரைவரால் சேர்த்தேன். சோம்பேறிப் பொறி ஒன்று.
சரி, கழற்று.
மேசையில் வைத்து ஜம்பர் கொடுத்தால்
வைஸ் அதிரச் சுற்றுகிறது!
கார்பன் பிரஷ் முழு உயரம்,
பெண்டிக்ஸ் பல்லில் கீறலில்லை.
திரும்ப மாட்டினேன்.
டக்.

சத்தம் போடுகிறவனைத்தான் முதலில் பிடிக்கிறோம்.

ஐஸ் தண்ணீர் என் செருப்பைத் தொட்டுவிட்டது.
அஞ்சாப்புலி போனில் யாரிடமோ
வந்துட்டேன், வந்துட்டேன் என்கிறான்.
அப்போதுதான் சீட்டிலிருந்து பவுனாம்பாள்:
"திருப்புறப்பல்லாம் ஆக்சிலேட்டர் ஒயரு கால்ல சுடுது.
மூணு வாரமா சொல்றேன்."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.
அவன் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டான்.

தொட்டுப் பார்த்தேன். டீ கிளாஸ் சூடு.

போன கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும்.
வரும் வழி அடைத்திருந்தால்
கிடைத்த சந்தில் நுழையும்;
செல்ஃபைச் சுழற்றும் அத்தனையும்
சைக்கிள் பிரேக் கம்பி கனத்துக்குள்
முண்டிக்கொண்டு, பாதி வழியில் சூடாகி,
ஒரு பெண்ணின் கால்விரலில் புகார் சொல்லிவிட்டு
அடங்கிப்போகும்.

மீட்டரின் ஒரு முள் பேட்டரி நெகட்டிவில்,
மறுமுள் எஞ்சினில்.
திருப்பும்மா, என்றேன்.
அரைக்குள் நிற்க வேண்டியது
ஏழு வோல்ட் காட்டியது.

அடியில் படுத்தேன். சேசிஸிலிருந்து எஞ்சினுக்கு
ஒரு எர்த் ஒயர். கறுப்பு உறை, ஒழுங்கான முகம்.
வளைத்தேன். உள்ளே பிஸ்கட் நொறுங்கியது.
அறுத்தால் செம்பைக் காணோம்;
பச்சைப் பொடி, நடுவில் நாலைந்து இழை.
ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும்
உப்பங்காற்றும் பங்குபோட்டுத் தின்ற மிச்சம்.

ஒன்றரை அடி கேபிள் வெட்டி, லக் அடித்து,
போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டை
இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து
இறுக்கி, கிரீஸ் அப்பினேன்.
இருநூற்றெண்பது ரூபாய்.
"பழைய செல்ஃப் எங்கே?"
எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம்.
நல்ல செல்ஃப்.

பவுனாம்பாள் திருப்பினாள். டக் இல்லை.
பிடித்துக்கொண்டது.
அவள் சிரிக்கவில்லை. குனிந்து
புறங்கையால் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள்.
அப்புறம்தான் கியர் போட்டாள்.
மெலிந்துபோன பதினான்கு பாரும்
துறைமுகம் பார்த்துப் போயின.

நேற்று ராத்திரி பாலத்தின் மேல் வந்தேன்.
அதே சரிவு. அதே குட்டியானை.
அதே செங்கல்.
கேட்டால் பழக்கம் என்பான்.
பைக்கை நிறுத்தி
செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன்.
சுடவில்லை.