முக்கால் வட்டம்

அரசரடி ரயில்வே மைதானம். மழை விட்ட சாயங்காலம்.
விசில் என் வாயில் இருந்தது,
பிறகு எல்லார் காதிலும் இருந்தது.
புள்ளியைக் காட்டிவிட்டேன். பெனால்டி.

‘கை இல்லண்ணே, நெஞ்சு’ என்கிறான்
மேலூர் அணியின் ரத்தினவேலு.
எல்லாப் பையன்களும் அதைத்தான் சொல்வார்கள்.
செல்லூர்க்காரன் பந்தைத் துடைத்து வைத்து
எட்டடி பின்னால் போய் நிற்கிறான்.

மஞ்சள் அட்டைக்குப் பையில் கைவிட்டபோதுதான் பார்த்தேன்:
வெள்ளைச் சட்டையில், நாலாம் நம்பருக்கு மேலே,
பத்திர ஆபீஸ் முத்திரை மாதிரி
சேற்றில் ஒரு முக்கால் வட்டம்.
பந்தின் தையல்கூடப் பதிந்திருந்தது.
கையில் சேறே இல்லை,
வியர்வையும் ஒரு கறுப்புக் கயிறும்தான்.

கோட்டோரம் கொடியோடு நின்ற டெய்சி ராணியிடம்
நடந்து போனேன்.
‘நெஞ்சு சார். நீங்க முந்திட்டீங்க.’

திரும்பி வந்து
பந்தைக் கோலியின் காலடியில் போட்டேன்.
‘காசு வாங்கிட்டாய்ங்கடா’ என்றது செல்லூர்ப் பக்கம்.
ஒரு நிமிஷம் முன்னால்
மேலூர்ப் பக்கம் சொன்னதும் அதுதான்,
கூட என் அம்மாவையும் இழுத்து.

ரத்தினவேலு கையெடுத்துக் கும்பிட்டான்.
கையைக் கீழே போடுடா என்றேன்.

ஆறு நிமிஷம் கழித்து
கார்னரிலிருந்து வந்த பந்து
அவன் நெஞ்சில் பட்டு
அவர்கள் கோலுக்குள்ளேயே போனது.

வட்டம் இப்போது இரண்டு.
சேற்றில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தான்,
இன்னொரு தடவை மாற்றுவேனோ என்று.

நெஞ்சுதான். சந்தேகமே இல்லை.
நடு மைதானத்தைக் காட்டினேன்.