கவுச்சி

மூன்று வாரமாக மீன் கவுச்சி.
வீட்டில் மீனே இல்லை.
கோசோத் தீவில் யாரும் இதற்கு
எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மாட்டார்கள்.
ஃபிலுமெனாவும் கூப்பிடவில்லை.
ஃபிரிட்ஜைக் காலிசெய்து வினிகரால் துடைத்தாள்,
பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்,
பிறகு கீழ்வீட்டு ஸ்பிருவோடு படிக்கட்டில் சண்டை;
அவன் படகுக்காரன், வேறு யாரைச் சொல்வது?
அவன் கூடையைக் கவிழ்த்துக் காட்டினான்.
உள்ளே காய்ந்த கயிறு.

நான் போனது வேறு வேலைக்கு:
திருவிழாவுக்கு மாடத்தில் சரவிளக்கு கட்ட.
சமையலறை வாசலிலேயே மூக்கு நின்றுவிட்டது.
இது கடல் இல்லை.
பிளாஸ்டிக் தனக்குள்ளேயே வேகும் வாடை.
"ஞாயிற்றுக்கிழமை அதிகமா?"
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
சுவரில் புறங்கையை வைத்தேன்.
காய்ச்சல்காரன் நெற்றி.

அழகான சுவிட்ச், மறுக்க மாட்டேன்.
மெல்லிய பித்தளைத் தகடு, பட்டாணி அளவில் குமிழ்.
கொழுந்தன் லேலி மாட்டியது.
டைல்ஸ் ஓரத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதாம்.
மெயினை அணைத்துக் கழற்றினேன்.
முதுகில், எறும்புக்கால் எழுத்தில்:
பத்து ஆம்பியர்.
ஒரு பல்பை எழுப்பவும் தூங்கவைக்கவும் பிறந்தது.
அதன் சின்ன வாயில் நுழையாத தடித்த கம்பியை
இழை இழையாக நறுக்கித் திணித்திருக்கிறான் லேலி.
ஒரு பக்கம் தேன் நிறம், மறுபக்கம் கரி.

ரொட்டிப் பையின் மேல் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
ஓவன், நான்கு அடுப்பு, எல்லாம் சேர்ந்து
ஏழாயிரத்து இருநூறு வாட்.
இருநூற்று முப்பதால் வகுத்தால்
முப்பத்தொன்று, சொச்சம்.
வார நாளில் ஒரு முட்டை, ஒரு சூப்;
பத்தைத் தாண்டாது.
ஞாயிறு வந்தால் உள்ளே மக்ரோனி, மேலே முயல்,
பக்கத்தில் சாஸ், அதற்கும் பக்கத்தில் கொதிதண்ணீர்.
"அப்படியானால் பிரேக்கர் ஏன் விழவில்லை?"
நல்ல கேள்வி.
அது முப்பத்திரண்டு. கம்பிக்குத்தான் அது காவல்.
நடுவழியில் ஒருவன் வேகிறான் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

மற்றதையும் பார்த்தேன்.
கெட்டில் தன் பதின்மூன்றோடு தனியாக இருக்கிறது, பிழையில்லை.
பாத்திரம் கழுவும் மெஷினுக்கு
லேலி சரியான இருபதைத்தான் போட்டிருக்கிறான்,
சிங்க்குக்கு அடியில்.
அங்கே யாரும் குனிந்து அழகு பார்ப்பதில்லை.

பையிலிருந்து நாற்பத்தைந்தை எடுத்தேன்:
வெள்ளைப் பெட்டி, உள்ளங்கை அகலம், சிவப்பு நாக்கு.
அவள் முகம் விழுந்தது.
"ஆஸ்பத்திரி போல இருக்கிறது."
பித்தளையிலும் நாற்பத்தைந்து உண்டு,
வாலெட்டாவிலிருந்து வரப் பத்து நாள் ஆகும்,
ஞாயிறன்று பதினோரு பேருக்கு நீங்கள்
பச்சை முயல் பரிமாறலாம் என்றேன்.
சிரிக்கவில்லை.
"மாட்டுங்கள்" என்றாள், சுவரைப் பார்க்காமல்.

கரிந்த நுனியை வெட்டி,
புதுச் செம்பு தெரியும்வரை சீவி,
ஆழமான பெட்டி பதித்தேன்.
நல்லவேளை, அடுப்புக்கு நேர் மேலே
லேலி துளை போடவில்லை;
தீப்பிடித்த சட்டியைத் தாண்டிக் கை நீட்டி
எவன் அணைப்பான்?
திருகை இறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினேன்.
சிவப்பு நாக்கு டக்கென்றது.
கனமான சத்தம். எனக்குப் பிடிக்கும்.

படியிறங்கும்போது ஸ்பிரு வழிமறித்தான்.
மீன் பிடிபட்டதா?
கருகிய சுவிட்சை அவன் கையில் வைத்தேன்.
மோந்து பார்த்தான்.
"எவ்வளவு தாங்கும்?"
"பத்து."
"எவ்வளவு ஏற்றினார்கள்?"
"முப்பத்தொன்று."
சிரிக்க வாயெடுத்தவன்
துறைமுகப் பக்கம் திரும்பினான்.
அங்கே அவன் படகு.
அதன் விலாவில் நீலத்தில் 'ஆறு பேர்' என்று எழுதியிருப்பது
இங்கிருந்து தெரியாது.
"போன திருவிழாவுக்கு, கொமினோவுக்கு, நான்..."
நிறுத்திக்கொண்டான்.
சுவிட்சைத் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.