வரை

"முதல்" எழுதுவது சுலபம்.
நாள், கிழமை, காலை ஆறு மணி.
"வரை"க்கு முன்னால் மட்டும்
நாலு விரற்கடை இடம் விட்டுத்தான்
எங்கள் மண்டல அலுவலகத்தில் அறிவிப்பு தயாராகும்.
தட்டச்சு செய்வது நான்.
இளநிலை உதவியாளர், பதினோரு வருஷம்.

இந்த வருஷம் பாதாளச் சாக்கடைக்கு நாற்பத்தோரு தெரு.
குடிநீர்க் குழாய்க்கு, அதே தெருக்களில் பத்தொன்பது.
கரண்டுக் கம்பியைப் புதைக்க
மூடித் தார் போட்ட ஏழைத் திரும்பவும்.

"மூணு துறையும் சேர்ந்து ஒருக்கா தோண்டுனா என்னவே?"
மாமன்றத்தில் மேலப்பாளையத்து உறுப்பினர் செய்யது கனி
எழுந்து நின்று கேட்டார்.
நிதி வேறு, தலைப்பு வேறு, ஒப்பந்தம் வேறு
என்றார் பொறியாளர்.
"குழி ஒண்ணுதானவே?"
எல்லாரும் சிரித்தார்கள்.
கேட்டவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.
தீர்மானம் ஏகமனதாக.

பக்கத்து மேசை வேதமாணிக்கம் சாருக்குக்
கடைசி வரிதான் ஆகாது.
"சிரமத்திற்கு வருந்துகிறோம்னு போடுதீயளே,
யாரு வருந்துதா? ஆணையரா, நீங்களா?
பலகைக்குச் சதுர அடி கணக்குல துட்டு போகுது மேடம்."
ஒரு வாரம் வருத்தத்தை எடுத்துவிட்டோம்.
தணிக்கையில் கேட்டார்கள்.
திரும்பச் சேர்த்தோம், சின்ன எழுத்தில்.

ஆவுடை வந்தது ஒரு புதன்கிழமை.
பேட்டையில் தெருமுனை இட்லி வண்டி.
மனு என்று எதுவும் கையில் இல்லை,
மடக்கிய கைக்குட்டை மட்டும்.
"நீங்க வருந்தாண்டாம் மேடம்.
என்னைக்கித் தொறப்பீயன்னு சொல்லுங்க, போதும்.
முந்தின நாளே மாவாட்டணும்லா.
வட்டிக்காரன்ட்டயும் ஒரு தேதி சொல்லணும்."

கோப்பைப் புரட்டினேன்.
ஒப்பந்தக்காரர் கொடுத்த தேதி
ஆடியிலேயே முடிந்திருந்தது.
நீட்டிப்புக் கடிதம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது,
தேதி இருக்க வேண்டிய இடத்தில்
யாரோ தேநீர்க் குவளை வைத்த வட்டம்.

ஆறாம் தேதி என்றேன்.
எனக்கே திக்கென்றது.
மகளின் பள்ளியில் பணம் கட்டக் கடைசி நாள் அது,
வாயில் அதுதான் வந்தது.
வெற்றிடத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன்.
ஆவுடை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுப் போனாள்.

ஆறாம் தேதி சாயங்காலம் போகாமலிருக்க முடியவில்லை.
ரெண்டு பஸ் மாறி, சுற்றுப்பாதையில் நடந்து,
செருப்பில் அப்பிய களிமண்ணோடு போய் நின்றேன்.

தெரு திறக்கவில்லை.
தோண்டும் இயந்திரம்
மத்தியானம் பெரிய குழாயை உடைத்திருந்தது.
நாலு நாளைக்கு ஒருதரம்
நூல்போல வருகிற ஆற்றுத் தண்ணீர்
குழியை நிரப்பிக் குமிழியிட்டுக் கொண்டிருந்தது.
குடம், டிரம், பெயிண்ட் வாளி, பால் கேன்,
தூளியில் பிள்ளையைப் போட்டுவிட்டு வந்தவர்கள்,
சண்டை, சிரிப்பு, வரிசையை மீறியவனுக்குத் திட்டு.
இயந்திரம் ஓட்டிய பையன் கொம்பையா
அதன் இரும்புப் பல்லிலேயே உட்கார்ந்திருந்தான்,
தாடையில் கை வைத்து.
அவனுக்கும் யாரோ டீ கொடுத்திருந்தார்கள்.

தடுப்பை ஒட்டி ஆவுடையின் வண்டி.
கொப்பரையில் ஆவி.
தண்ணீருக்கு நின்ற கூட்டமெல்லாம் அவளிடம்.
"நீங்க சொன்ன தேதிக்குத் தொறந்துட்டேம்லா."
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்.
இலையை விரித்து மூன்று வைத்தாள்.
காசு நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்,
மீதிச் சில்லறையும் எண்ணித் தந்தாள்.
வாங்காமல் விட்டிருந்தால்
இலையைக் கீழே வைத்திருப்பேன்.

மறுநாள் கோப்பில்:
சிறு கசிவு. சரிசெய்யப்பட்டது.
அதனடியில் புது அறிவிப்புக்கு உத்தரவு,
அதே தெரு.

முதல்:
நாள், கிழமை, காலை ஆறு மணி.

பென்சிலைச் சீவுகிறேன்.
வேதமாணிக்கம் சார் பார்க்கிறார்,
ஒன்றும் சொல்லவில்லை.