நான்கு ஓம்

சீட்டெடுத்த பணம் முழுக்க
இரண்டு மரப்பெட்டிகளாய்
ராயபுரம் மாடிப்படி ஏறியது.
ஒவ்வொன்றும் முப்பத்தொரு கிலோ.
தூக்கிவந்த பையன் கேட்டான்:
"இன்னாக்கா, பீரோவா?"
ஸ்பீக்கர் என்றேன்.
"வாயே தொறக்கலியே ரெண்டும்."

அதுதான் பிரச்சினை.
எண்பத்துநாலு டெசிபல், நான்கு ஓம்;
அடிச்சத்தம் வந்தால் இன்னும் இறங்கி
இரண்டரையைத் தொடும்.
வாட்டுக் கணக்கில் வயிறு நிறையாத ஜாதி.
கரண்ட் கொட்ட வேண்டும்.

பகலில் எனக்கு வேலை காது.
ஆஸ்பத்திரிக் கண்ணாடி அறையில்
ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து
சத்தம் கேட்டா கையத் தூக்குங்க என்பேன்.
பாய்லர் தட்டித் தட்டிச் செவி தேய்ந்தவர்கள்
கேட்காத சத்தத்துக்கும் தூக்குவார்கள்
வேலை போய்விடும் என்று.
முகத்தைப் பார்க்காமல்
புள்ளி வைக்கப் பழகியிருக்கிறேன்.

பெரம்பூர் டெரிக்
தன் வால்வு ஆம்ப்பை ஒரு வாரம் தந்தார்.
எட்டு வாட். இருட்டில் ஆரஞ்சாய்க் கனிந்தது.
குரல் அறைக்குள் வந்து நின்றது, மெய்யாகவே.
தவில் விழுந்த இடத்தில் மட்டும்
யாரோ தலையணை வைத்திருந்தார்கள்.

காசிமேட்டு சவுண்ட் சர்வீஸ் முனாஃப்
ஆயிரம் வாட்டைத் தோளில் கொண்டுவந்தான்.
"சாவு, கல்யாணம், மாதா தேரு,
அல்லாத்துக்கும் இதாங்க்கா."
அதன் ஃபேனுக்கே தனியாக
ஒரு வால்யூம் குமிழ் வேண்டும்.
நாலாவது நிமிடம்
ஆணியோடு இறங்கியது காலண்டர்.

மூன்றாவது தவணையில் வந்தது.
எட்டு ஓமில் நூற்றிருபது, நாலில் இருநூற்றுப் பத்து.
கறுப்பு. ஒற்றை விளக்கு.
கனத்தில் பாதி டிரான்ஸ்ஃபார்மர்.
தாளில் எல்லாம் பொருந்தியது.

எங்கள் தெருவில் அமைதி என்றால்
ராத்திரி ரெண்டே முக்காலிலிருந்து மூணேகால்.
ஹார்பர் கேட்டில் கன்டெய்னர் லாரிகள்
கண்ணயரும் அரைமணி.
பாட்டே போடாமல்
ட்வீட்டரில் காது வைத்துக் கிடந்தேன்.
ம்ம்ம்ம்.
நிற்கவேயில்லை.
அப்போதுதான் உறைத்தது,
டெரிக்கின் பெட்டியிலும் இதே ம்ம்ம்ம்,
முனாஃபின் பெட்டியிலும், ஃபேனுக்கு அடியில்.
இருவரிடமும் நான் சொன்னது
உங்க ஆம்ப் சரியில்ல.

கதவு தட்டினாள் கீழ்வீட்டு சகாயராணி.
"பாட்டு போட்டா சண்டைக்கு வரலாம்னு
முழிச்சிக்கினு கீறேன்.
போடவும் மாட்டேன்ற, தூங்கவும் மாட்டேன்ற."
உள்ளே வந்து கறுப்புப் பெட்டியைத் தொட்டாள்.
கையை உதறினாள்.
"எங்கூட்டு ஃப்ரிட்ஜ் மாரியே கடிக்குது."

காலையில் ஏசுபாதம் டெஸ்டரோடு வந்தார்.
சுவரில் மூன்று ஓட்டைகள்;
மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
ஆறு வீட்டிலும் அப்படியே,
கட்டிய நாளிலிருந்து.
இத்தனை வருஷம்
செருப்பு போட்டு மாவரைத்திருக்கிறோம்.

வீட்டுக்காரர் சொன்னார்:
பாட்டு கேக்கறவங்க செலவு பண்ணட்டும்.
இரண்டு தவணைப் பணத்தை
மண்ணில் போட்டேன்.
அடிபம்புக்குப் பக்கத்தில் குழி,
செம்புக் கம்பி, ஒரு மூட்டை கரி.
ஐந்தடியில் தண்ணீர்.
உப்பு மூட்டையைப் பிரிக்கப்போனவரை
குழிக்குள்ளிருந்து உதவியாள் தடுத்தான்:
"இன்னாத்துக்கு உப்பு?
மண்ணே கருவாடா கீது."
இருந்தாலும் போட்டார் ஏசுபாதம்,
முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

டெரிக்குக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.
அவர் ஆம்ப் மட்டும் இன்னும் என்னுடையதில்லை:
தவிலுக்குத் தலையணை வைத்தது எர்த் அல்லவே.
முனாஃபிடம் சொல்லவில்லை.
திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அன்றிரவு ரெண்டு ஐம்பது.
கறுப்பையே மாட்டி,
குமிழை முக்கால்வாசி திருகி,
பாட்டு எதுவும் இல்லாமல் குனிந்தேன்.
காது தேடியது, தேடியது.
கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

கீழே ஃப்ரிட்ஜ் கதவு
திறந்து மூடியது.
கொஞ்சம் பொறுத்து
இன்னொரு தரம்.